மறுசோறு

இந்த மாலையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா சார்? சாத்தூர் வரைக்கும்தான். நசுங்காமப் பாத்துக்கங்க, திருமங்கலத்துப் பூக்கடையில பேரம் பேசாம வாங்குனது. என் மடியில இந்த லேப்டாப் இருக்கு. ரெண்டையும் ஒரே மடியில வச்சா பூத்தண்ணி உள்ள எறங்கிரும்.

ஆமா, எழவுக்குத்தான் போறேன். எழவுக்குப் போறவனுக்கு லேப்டாப் எதுக்குன்னு பாக்குறீங்க. கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு. நான் பழி வாங்கப் போறேன் சார். சிரிக்காதீங்க. ரெண்டு வருசமா கருவிக்கிட்டு இருக்கேன், இன்னைக்குத்தான் வசமா மாட்டிருக்கான். செத்தது அவங்க அம்மா. அந்தம்மா நிம்மதியாப் போய்ச் சேரட்டும், அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. பழி மகன் மேலதான்.

அவனை நான் நேர்ல பாத்தது கெடையாது. பாக்காத ஆள் மேல எப்படிப் பகைம்பீங்க. சொல்றேன், சாத்தூருக்கு இன்னும் நேரம் இருக்கு.

நீங்க போன்ல பாக்குறீங்கள்ல, படம் போடுறது, ரெண்டு வரி எழுதுறது, அதுக்கு நாலு பேரு சண்டைக்கு வர்றது. அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் கையில இருக்கு. அவனாப் பாத்து விளம்பரம் போடுவான், அவனாப் பாத்து உங்களைத் தூக்கி வெளிய எறிவான். அது வேணாம்னு நெனைக்கிறவங்க ஒலகம் பூரா இருக்காங்க சார். ஆளாளுக்குச் சின்னதா ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதுல கொஞ்சம் பேரைச் சேத்துக்கிட்டு, அவங்களே நடத்துவாங்க. ஒரு சர்வர்ல இருக்கவன் இன்னொரு சர்வர்ல இருக்கவனோட பேசிக்கலாம். முதலாளி கெடையாது, விளம்பரம் கெடையாது. பாக்குற வேலைக்குச் சம்பளமும் கெடையாது. ஆனா வாடகை உண்டு. மாசம் பொறந்தா வெளிநாட்டுக்காரன் டாலர்ல கேப்பான். அதை யாரு குடுக்குறது? ஆரம்பிச்சவன்தான் குடுக்கணும். அந்த இளிச்சவாயன் நான்.

திருமங்கலத்துல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கிறேன். தவமணின்னு பேரு. தமிழ்ல பேசுறவங்களுக்குன்னு ஒரு சர்வர் ஆரம்பிச்சேன். கூட்டாஞ்சோறுன்னு பேரு வச்சேன். சின்னப் புள்ளைல வெளையாடுவோம்ல, ஒருத்தன் அரிசி, ஒருத்தன் பருப்பு, ஒருத்தன் சுள்ளி பொறுக்கிட்டு வருவான். அந்த மாதிரி இருக்கும்னு நெனைச்சேன். கடைசில அரிசியும் நான், பருப்பும் நான், சுள்ளியும் நான். வந்தவன் பூரா இலையை மட்டும் கொண்டாந்தான்.

ஓசில கெடைச்சா எனக்கொண்ணு எங்கப்பனுக்கொண்ணும்பாங்க. அது அங்கதான் பாத்தேன். பூனைக்குட்டிக்கு இருபது படம். கொய்யா மரத்துல ஒரு காய் காச்சா அதுக்குப் பத்து படம். அம்புட்டும் என் டிஸ்க்குல வந்து உக்காந்துக்கும். இதுல இன்னொண்ணு இருக்கு. நம்ம ஆளுக வேற சர்வர்ல இருக்கவங்களைப் பின்தொடருவாங்கள்ல, அவங்க போடுற படத்துக்கும் ஒரு நகல் நம்ம சர்வர்ல வந்து தங்கிக்கும். வாரம் ஒருக்கா அதைக் கூட்டிப் பெருக்கி வெளிய கொட்டணும். இல்லாட்டி டிஸ்க் ரொம்பி எல்லாம் நின்னுரும். ஞாயித்துக்கெழமை ஊரே கறிக்கடையில நிக்கும், நான் குப்பை அள்ளிக்கிட்டு இருப்பேன்.

இந்தக் கூட்டத்துல ஒருத்தன் செம்போத்துங்கிற பேர்ல எழுதுவான். சாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாரு, நெசப்பேரு சுடலைமுத்து. தினம் ஒரு பறவை. கரிச்சான், தவுட்டுக்குருவி, ஆள்காட்டின்னு படம் எடுத்துப் போட்டு நாலு பத்தி எழுதுவான். நல்லாத்தான் எழுதுவான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவன் எழுத்தைப் படிக்கன்னே பாதிப் பேரு வந்தாங்க. அவங்க வந்தா யாரு செலவு? என் செலவு.

குடுக்கவே இல்லையான்னு கேக்குறீங்களா? இருங்க, அங்கதான் வர்றேன். ஒரு நாள் தனியா எழுதுனான். "செலவில் நானும் பங்கெடுத்துக்கொள்ள விரும்புகிறேன், எவ்வளவு அனுப்பட்டும்?" அப்படின்னு. நான் வேணாம்னேன். "இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்"னு பதில் போட்டேன்.

அதோட விட்டுட்டான் சார்.

நீங்களே சொல்லுங்க. வேணாம்னா விட்டுர்றதா? நம்ம ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போறோம். காப்பி குடிக்கிறீங்களாங்கிறாங்க. ஒடனே சரிம்போமா? இப்பத்தான் குடிச்சேன்போம். அவங்க, அட, கொஞ்சம் குடிங்கம்பாங்க. வயிறு சரியில்லைம்போம். அவங்க பாட்டுக்குப் போய்ப் போட்டுக் கொண்டாந்து கையில குடுப்பாங்க. குடிப்போம். பந்தியில மறுசோறு கொண்டாறான், போதும் போதும்னு ரெண்டு கையையும் இலைக்குக் குறுக்க வைக்கிறோம். வைக்கிறவன் திரும்பியா போறான்? கை சந்துக்குள்ள விட்டு ஒரு கரண்டி தள்ளிட்டுத்தான போறான்? வாங்குறவன் வேணாம்னு சொல்றது மரியாதை. குடுக்குறவன் விடாமக் குடுக்குறது மரியாதை. ஒரு தமிழ் வாத்தியாருக்கு இது தெரிய வேணாமா?

அறிவிப்புப் போட்டிருக்கலாமேம்பீங்க. எங்க வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னா, பரமேசு. "வாயைத் தொறந்து கேட்டாத்தான குடுப்பாக, அவுகளுக்கு என்ன சோசியமா தெரியும்?" அப்படின்னா. போட்டேன் சார், போடாம இல்ல. "இத்தளம் பற்றி"ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல அடியில ஒரு வரி எழுதியிருந்தேன். யாரும் அந்தப் பக்கமே போகலை. போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும். மனசு இருந்தாத் தேடிப் போவாங்கள்ல?

சரி, அதுகூடப் போகட்டும். கை காசு போனாப் போகுதுன்னு ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க அப்பா செத்த அன்னைக்குத்தான் எனக்கு அத்துப் போச்சு.

தத்தனேரியில வச்சுக் கொள்ளி வச்சோம். மொட்டை அடிச்சு, குளிச்சு, ஈர வேட்டியோட ஓரமா ஒரு கல்லுல உக்காந்துருக்கேன். சொந்தக்காரங்க டீக்கடைப் பக்கம் ஒதுங்கிட்டாங்க. தீ எரியிற வரைக்கும் மகனுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல சார். உக்காந்துருக்க வேண்டியதுதான். சும்மா இருக்கமேன்னு போனை எடுத்தேன். சர்வர் நின்னு போயி ரொம்ப நேரமாச்சுன்னு தெரிஞ்சது. அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த நாளெல்லாம் நான் குப்பை அள்ளல, டிஸ்க் ரொம்பிருச்சு. அங்கயே உக்காந்து, இந்தக் கட்டை விரலால, அந்தச் சின்ன எழுத்துல கமாண்டை அடிச்சு, துடைச்சு, திரும்ப ஓட விட்டேன். கைல அப்பாவுக்கு வச்ச நெய் பிசுக்குக்கூடப் போகலை.

ஓட ஆரம்பிச்சதும் முதல்ல வந்து விழுந்தது, செம்போத்து வேற சர்வர்ல வச்சிருந்த இன்னொரு கணக்குல இருந்து எழுதுனது. "நிர்வாகி தூங்குகிறாரா?" அவ்வளவுதான். ஒரே வரி. அதுக்கு எம்புட்டுப் பேரு விருப்பக்குறி போட்டிருந்தாங்க தெரியுமா? சிரிக்கிற மூஞ்சி வேற.

நான் நிமிந்து பாத்தேன். எதுத்தாப்புல எங்க அப்பா எரிஞ்சுக்கிட்டு இருக்காரு. எனக்கு அழுகையே வரலை சார், ஆத்திரம்தான் வந்தது. அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கலை.

அவனுக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்க. தெரியாதுதான். நான் யார்கிட்டயும் சொல்லலை. ஏன் சொல்லணும்? நாலஞ்சு வருசமா ஒரு நாள் நிக்காத சர்வர் நின்னிருக்கு, என்னமோ ஏதோன்னு தோண வேணாமா? ஆளுக்கு ஒடம்பு சரியில்லையா, வீட்டுல எதுவும் ஆயிருச்சான்னு ஒருத்தனாவது கேட்டானா? குருவிக்கு இறகு உதுந்தா நாலு பத்தி எழுதத் தெரியுதுல்ல?

பதினாறு முடியட்டும்னு காத்திருந்தேன். அந்த வாத்தியாரு புத்தகம் ஒண்ணு போட்டான், அந்தப் பறவைக் கட்டுரையெல்லாம் சேத்து. ஞாயித்துக்கெழமை காலைல கூட்டாஞ்சோறுல எல்லாரும் கூடுங்க, வெளியீட்டு விழாவை எழுத்துலயே நடத்துவோம்னு ஒரு மாசமா அழைப்பு. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுக காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் குளிச்சு, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, விழா ஆரம்பிக்கிற நேரம் பாத்து சர்வரை நிறுத்துனேன். வாடகைக் கணக்கையே முடிச்சுட்டேன். கூட்டாஞ்சோறு போயிருச்சு. அன்னைக்கு மத்தியானம் நான் தூங்குன தூக்கம் இருக்கே, அப்பா போனதுல இருந்து அப்படித் தூங்குனது இல்ல.

விருதுநகர் வந்துருச்சா? பஸ்ஸு கொஞ்சம் நிக்கும். டீயா? வேணாம் சார், நீங்க குடிங்க.

சூடா இருக்கா? சரி சரி, குடிங்க. எங்க விட்டேன்? ஆங்.

ஓடுவான், அழுவான், என்னைத் தேடி மெயில் போடுவான்னு பாத்தா, அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? ஒரே மாசத்துல அவனே ஒரு சர்வர் ஆரம்பிச்சுட்டான். பேரு என்ன வச்சான்னு கேளுங்க. மறுசோறு. என் பேரைக் கிண்டல் பண்ணித்தான வச்சிருக்கான்? என் இலையில தின்னுட்டு எனக்கே கரண்டியைக் காட்டுறான்.

முதல்ல எரிச்சலா வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், இதை விட நல்ல பழி வேற இல்லைன்னு பட்டுச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. இப்ப அவன்தான நிர்வாகி? அவன்தான ஞாயித்துக்கெழமை குப்பை அள்ளணும்? அவனைத்தான இனிமே ஊரு ஏசும்? கிட்ட இருந்து பாக்கணும்னு ஆசை வந்துருச்சு. மண்வெட்டிங்கிற பேர்ல போய்ச் சேந்துட்டேன். என்னைய மாதிரி ஒரு தொந்தரவு பிடிச்ச ஆளு அவனுக்கு வாய்ச்சிருக்கவே மாட்டான்.

ஒரு படம் தெரிய நேரமானாப் போதும், ஒடனே எழுதுவேன். "நிர்வாகிக்கு இதுகூடத் தெரியாதா? பழைய நகல்களை அழிக்க ஒரு கமாண்டு இருக்கிறது, அதை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வைக்கத் துப்பில்லையா?" அப்படின்னு அந்தக் கமாண்டையும் கீழ எழுதிவிடுவேன், அவன் முட்டாள்னு ஊருக்குத் தெரியட்டும்னு. படத்தையெல்லாம் குறைஞ்ச வாடகைல வேற எடத்துல வச்சுக்கலாம், அது தெரியாம டாலரைக் கொட்டிக்கிட்டு இருந்தான். ரெண்டு பக்கத்துக்கு ஏசி எழுதுனேன், எங்க வாங்கணும், எப்படி மாத்தணும்னு வரிசையா. ஒரு ஞாயித்துக்கெழமை பூரா அதுலயே போச்சு. அவன் என்ன பதில் போடுவான்? "நன்றி அண்ணே, அப்படியே செய்துவிட்டேன்." அண்ணனாம். சொரணை கெட்டவன். ஒரு தடவை, "உங்களுக்கு இந்த வேலை முன்பே பழக்கமோ?"ன்னு கேட்டான். இல்லைன்னுட்டேன்.

இதுல எனக்குத் தாங்காதது ஒண்ணு இருக்கு சார். அவன் காசு கேப்பான். வெக்கமே இல்லாமக் கேப்பான். மாசம் பொறந்தா, "நண்பர்களே, இவ்வளவு ஆகிறது, இவ்வளவு குறைகிறது, முடிந்தவர்கள் கொடுங்கள்"னு முகப்புலயே எழுதிப் போடுவான். அதுவும் குடுக்குறாங்க சார்! எங்கிட்ட இலையை மட்டும் கொண்டாந்த அதே ஆளுக. கொய்யாமரத்துக்காரன் குடுக்குறான், பூனைக்காரம்மா குடுக்குது. நான் கேக்காம இருந்தேன், பெருந்தன்மையா இருந்தேன், எனக்குக் குடுக்கலை. கேக்குறவனுக்குக் குடுக்குறாங்க. ஒலகம் எப்படி இருக்கு பாருங்க.

போன ஆடியில ஆளுக கொறைஞ்சு போச்சு. பள்ளிக்கூடம் தொறந்த செலவு போலருக்கு, யாரும் சரியாக் குடுக்கலை. "இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என நினைக்கிறேன், மன்னியுங்கள்"னு எழுதிட்டான். எனக்குப் பகீர்னுச்சு. நிறுத்திட்டா அவன் தப்பிச்சுக்குவான்ல? ஞாயித்துக்கெழமை காலை நீட்டிப் படுத்துருவான்ல? விடுவேனா? கொறைஞ்ச காசு பூராவையும் நான் போட்டேன், மண்வெட்டிங்கிற பேர்ல. இப்ப மாசா மாசம் சம்பளம் வந்ததும் முதல் வேலை அதுதான். கூட்டாஞ்சோறுக்குக் குடுத்ததை விடக் கூடத்தான் ஆகுது. பரமேசு கேட்டா, "இது என்னங்க, இன்னொருத்தன் சர்வருக்கு நீங்க வாடகை கட்டுறீக?" அவளுக்கு இதெல்லாம் வெளங்காது. ஒருத்தனை மாட்டி வைக்கிறதுன்னா அதுக்கும் செலவு இருக்குல்ல?

இன்னைக்குக் காலைல எழுதியிருந்தான். "அம்மா போய்விட்டார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம். இரண்டு நாள் என்னால் சர்வரைக் கவனிக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்." வீட்டு விலாசத்தோட. அம்புட்டையும் பட்டுன்னு சொல்லிட்டான் பாருங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப் போச்சு. வழக்கமா ஏசி எழுதுற கை ஓடலை. "சர்வரை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?"ன்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான்? "வேண்டாம் அண்ணே, பார்த்துக்கொள்ளலாம்."

அப்புறம் பாருங்க, துக்கம் கேக்க எல்லாரும் வந்துட்டாங்க. ஆளுக்கு ஒரு விளக்குப் படம், மெழுகுவத்திப் படம், வெள்ளைப் பூப் படம். வேற சர்வர்ல இருந்தெல்லாம் வந்து குமிஞ்சுருச்சு. துக்கம் கேக்க வந்த கூட்டம் தாங்காமப் பந்தலே சாஞ்ச கதை. ஒம்பது மணிக்கெல்லாம் மறுசோறு நின்னுருச்சு.

காசு குடுக்குறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப்பு வச்சிருக்கான். அதுல ஒரு பய எழுதுறான் சார். புதுசாச் சேந்தவன், காலைல வாத்தியாரு எழுதுனதைப் பாக்கலை போலருக்கு. "என்ன, நிர்வாகி தூங்குறாரா?" அப்படின்னு.

நான் எந்திரிச்சுட்டேன். லேப்ல பசங்க பூரா திரும்பிப் பாக்குறாங்க. அந்தப் பயலை நான் கேட்ட கேள்வி இருக்கே, அதை இங்க சொல்ல முடியாது, பொம்பளைங்க இருக்காங்க. அவரு வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒனக்குத் தெரியுமாடா? ஓசில குந்திக்கிட்டு ஒனக்கு வாய் வேறயா? அவரு தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு தெரியுமா? அவன் மன்னிப்புக் கேட்டுட்டு குரூப்பை விட்டே ஓடிட்டான். செம்போத்தை ஏசுறதுக்கு மாசா மாசம் காசு குடுத்துக்கிட்டு இருக்கவன் நான். நேத்து வந்த பயலுக்கு என்ன உரிமை இருக்கு?

அரைநாள் லீவு போட்டேன், மாலை வாங்குனேன், பஸ் ஏறிட்டேன்.

போய் என்ன பண்ணுவேன்ங்கிறீங்களா? எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். எடுக்குற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன். மாலையைப் போட்டுட்டு ஓரமா நிப்பேன். சுடுகாட்டுக்குக் கூடவே போவேன். கொள்ளி வச்சுட்டு, மொட்டைத் தலையோட எங்கயாவது ஒரு கல்லுல வந்து உக்காருவான்ல, சொந்தக்காரங்க டீக்கடைப் பக்கம் போயிருவாங்கள்ல, அப்பப் போய்ப் பக்கத்துல உக்காருவேன். அங்க நேரம் நெறைய இருக்கும் சார், எனக்குத் தெரியும். நான்தான் கூட்டாஞ்சோறு தவமணி, மண்வெட்டியும் நான்தான்னு சொல்லுவேன். அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். அதுக்கப்புறம், சர்வரோட பாஸ்வேர்டைக் குடு, நான் ஓட விடுறேன்னு கேப்பேன்.

வேணாம்பான். "இருக்கட்டும் அண்ணே, பார்த்துக்கலாம்"பான். சொல்லட்டும். ரெண்டாந் தடவை கேப்பேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்பான். மூணாந் தடவை கேப்பேன். அப்பவும் தலையாட்டுனா, லேப்டாப்பைத் தொறந்து அவன் மடியில வச்சுட்டு, அடிச்சுக் குடுங்கம்பேன். ஒருத்தன் வேணாம்னு சொன்னா அடுத்தவன் என்ன செய்யணும்னு அன்னைக்கு அவனுக்குத் தெரியலைல்ல? இன்னைக்கு நான் காட்டுறேன். ஆயுசுக்கும் அவன் மறக்கக் கூடாது. அதுதான் சார் என் பழி.

அந்த ஒரு வரியை அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு வச்சிருந்தேன், நிர்வாகி தூங்குகிறாரான்னு. ரெண்டு வருசமாச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். கேப்பேன். முதல்ல ஓட விட்டுட்டுக் கேப்பேன். இல்லாட்டி பதினாறு கழியட்டும். எங்க போயிரப் போறான், வாராவாரம் குப்பை அள்ள நான் வந்துதான ஆகணும்.

சாத்தூர் வந்துருச்சு. மாலையைக் குடுங்க சார். ஒரு பூக்கூட உதிராமப் பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விருதுநகர்ல டீ வேணுமான்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டீங்க. காலைல இருந்து நான் பச்சைத்தண்ணி குடிக்கலை.

பரவாயில்ல, இருக்கட்டும். உங்க பேரு என்ன சொன்னீங்க சார்?